மென்பொருள் தேவைகளை எந்த வடிவில் எழுதுவது: முழு ஆவணமா, பயனர் கதைகளா, கணித மாதிரியா?

ஒரு நடுத்தரப் பேருந்து நிறுவனம் தன் இணைய முன்பதிவைப் புதிதாக அமைக்க விரும்பி, அந்த வேலையை ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகையும் காலக்கெடுவும் பேசி முடிந்துவிட்டன. இனி, என்ன வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்றவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. எஸ்ஆர்எஸ் என்று தொழிலில் எல்லோரும் சொல்லும் முழுத் தேவை ஆவணத்தை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு வேலையைத் தொடங்கலாம். யூசர் ஸ்டோரி எனப்படும் பயனர் கதைகளாகச் சிறு சிறு துண்டுகளில் எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசித் தெளிந்துகொண்டே போகலாம். அல்லது, முக்கியமான பகுதிகளையாவது கணினியே சரிபார்க்கக்கூடிய கணித மாதிரியாக எழுதலாம்.

இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் பக்க எண்ணிக்கையையும் வேகத்தையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். அந்த அளவுகோல் போதாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு என்பது என் கருத்து. எழுதியவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்த எழுத்தைப் படித்து வேலை செய்யப்போகிறவர் யார் என்பது முதல் கேள்வி. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழியை எழுதுவது யாருக்கும் கடினமில்லை. ஒழுங்கு தவறும் இடங்களை எழுதுபவரே தேடிப் போகும்படி எந்த வடிவம் அவரைத் தூண்டுகிறது என்பது இரண்டாவது கேள்வி. தேவை ஆவணங்களின் குறைகளில் பல இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் விளைந்தவை.

வடிவங்களை ஒப்பிட ஒரே தேவையை எடுத்துக்கொள்வது நல்லது. முன்பதிவுத் தளத்தின் ஆவணங்களில் அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்: "பயணி தேர்ந்தெடுத்த இருக்கை 10 நிமிடங்களுக்குப் பிடித்து வைக்கப்பட வேண்டும். அதற்குள் பணம் செலுத்தப்படாவிட்டால் இருக்கை விடுவிக்கப்பட வேண்டும்." மேலோட்டமாகப் பார்த்தால் இதில் குறை எதுவும் தெரியாது. பொருள் தெளிவாக இருக்கிறது, எண் இருக்கிறது, சோதித்துப் பார்க்கவும் முடியும் என்று தோன்றுகிறது.

ஆனால் இதை நிரலாக்கப்போகும் ஒருவர் முதல் மணி நேரத்திலேயே முட்டிக்கொள்வார். 10 நிமிடம் எப்போது தொடங்குகிறது? பயணி இருக்கையைத் தொட்ட நொடியிலா, பெயர் வயதெல்லாம் நிரப்பிப் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்த நொடியிலா? "பணம் செலுத்தப்படாவிட்டால்" என்றால் எது செலுத்தியதாகக் கணக்கு? பயணி கைப்பேசியில் யுபிஐ பின் எண்ணை அழுத்தியதா, அவருடைய வங்கி கணக்கில் கழித்ததா, பேமென்ட் கேட்வேயிலிருந்து, அதாவது வங்கிக்கும் நமக்கும் இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் சேவையிலிருந்து, நம் சர்வருக்கு உறுதிச் செய்தி வந்ததா? சாதாரண நாளில் இந்த மூன்றும் சில நொடிகளுக்குள் நடந்து முடிந்துவிடும். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில், எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும்போது, இவற்றுக்கிடையே பல நிமிடங்கள் ஓடலாம். ஒன்பதாவது நிமிடத்தில் பயணி பணம் கட்டுகிறார்; பத்தாவது நிமிடத்தில் இருக்கை விடுபடுகிறது; பதினோராவது நிமிடத்தில் வேறொருவர் அதை வாங்கிவிடுகிறார்; பன்னிரண்டாவது நிமிடத்தில் முதலாமவரின் உறுதிச் செய்தி வந்து சேர்கிறது. இப்போது ஒரே இருக்கைக்கு இருவரின் பணம் நம் கையில் இருக்கிறது. ஆவணத்தின் வரியைக் கேட்டால் அது மௌனமாக இருக்கிறது.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யுபிஐ மூலம் வணிகருக்குக் கட்டிய பணம் வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து, வணிகருக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. செய்தி வரவே இல்லை என்றால் இந்த ஏற்பாடு பொருந்தும். செய்தி தாமதமாக வந்துவிட்டால், பணம் பேருந்து நிறுவனத்திடம் வந்தாயிற்று. அதைத் திருப்பி அனுப்ப வேண்டிய பொறுப்பும் நிறுவனத்துடையதே. பயணியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்: காசு போனது, டிக்கெட் வரவில்லை. எழுதுபவருக்கு இவை இரண்டு தனித்தனித் தேவைகள். இந்த வேறுபாட்டை எழுதும்போதே வெளிக்கொண்டுவரும் வடிவமே நமக்கு வேண்டும்.

முழு ஆவணம்

எஸ்ஆர்எஸ் எழுதும் முறைக்கு ஐஇஇஇ என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு 1984-இல் 830 என்ற எண்ணில் வழிகாட்டி வெளியிட்டது. அது 1998 வரை திருத்தப்பட்டு, பிறகு 2011-இல் பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவும் சேர்ந்து வெளியிட்ட 29148 என்ற தரநிலைக்கு இடம் கொடுத்தது. 29148-இன் தற்போதைய பதிப்பு 2018-ஐச் சேர்ந்தது. 830-இன் 1998 பதிப்பு ஒரு நல்ல ஆவணத்துக்கு எட்டுப் பண்புகளைச் சொன்னது: சரியாக இருத்தல், இருபொருள் இல்லாமை, முழுமை, முரண்பாடின்மை, முக்கியத்துவ வரிசை, சரிபார்க்க முடிதல், திருத்த எளிதாதல், தடம் பின்பற்ற முடிதல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்தப் பட்டியலில் நீக்க வேண்டியது எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் பண்புகளைப் பட்டியலிடுவது, அவற்றை அடைய வழி சொல்வதாகாது. குறிப்பாக, முழுமை என்பதை எந்த வார்ப்புருவும் தர முடியாது. வார்ப்புருவில் உள்ள தலைப்புகளை எல்லாம் நிரப்பியதும் ஆவணம் முழுமையாகிவிட்டது என்ற உணர்வு வருகிறது. மேலே சொன்ன பன்னிரண்டாவது நிமிடத்துக்கு எந்த வார்ப்புருவிலும் தலைப்பு கிடையாது.

முழு ஆவணத்தின் பெரிய பலம், எழுதியவர் அருகில் இல்லாதபோதும் அது பேசும் என்பது. கோயம்புத்தூரில் எழுதியதை வேறு நாட்டில் உட்கார்ந்து படிப்பவரும், இரண்டாண்டு கழித்துப் பராமரிப்பு வேலைக்கு வருபவரும் ஒரே ஆவணத்தைப் பார்க்க முடியும். பதிலளிக்கும் நேரம், பாதுகாப்பு, ஒரே சமயத்தில் எத்தனை பேரைத் தாங்க வேண்டும் என்பன போன்ற, எந்த ஒரு திரைக்கும் சொந்தமில்லாத தேவைகளுக்கு அங்கே இயல்பான இடம் உண்டு. டெண்டர் மூலம் நடக்கும் வேலைகளில் இது இல்லாமல் முடியவே முடியாது. கேட்டது வரவில்லை என்று சொல்ல, கேட்டது என்ன என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும்.

பலவீனம் எங்கே வருகிறது என்றால், நம் நாட்டு ஒப்பந்தங்களில் எஸ்ஆர்எஸ் கையெழுத்தாவது ஒரு பணத் தவணைக்கான மைல்கல்லாக வைக்கப்படுவது வழக்கம். மென்பொருள் செய்து தரும் வெண்டருக்கு அது சீக்கிரம் கையெழுத்தாக வேண்டும். வேலையைக் கொடுத்த க்ளையன்ட் தரப்பில் அதைப் படிக்க வேண்டியவர்களோ தத்தம் அன்றாட வேலைகளுக்கு நடுவே இருப்பவர்கள். தடித்த ஆவணம் உழைப்பின் சான்றாகத் தெரிகிறது. அதே தடிமன் யாரையும் முழுதாகப் படிக்கவிடுவதில்லை. சைன்-ஆஃப் ஆன ஆவணம் என்பது படித்து ஒப்புக்கொண்ட ஆவணம் என்று எல்லோரும் நடந்துகொள்கிறோம். யுஏடி எனப்படும், பயனர் தரப்பே சோதித்துப் பார்த்து ஏற்கும் கட்டத்தில் முதன்முறையாகத் திரையைப் பார்க்கும் முன்பதிவு மேலாளர், "பெண் பயணிக்குப் பக்கத்து இருக்கையை ஆணுக்குக் கொடுக்க மாட்டோமே, அது இதில் எங்கே?" என்று கேட்கும்போதுதான் உண்மை நிலை வெளிப்படுகிறது. அவருக்கு அது மூச்சு விடுவது போலத் தெரிந்த விதி. அதனாலேயே அதை அவர் சொல்லவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.

அமெரிக்க எஃப்பிஐயின் அனுபவம் இதைப் பெரிய அளவில் காட்டுகிறது. வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்க அது தொடங்கிய விர்ச்சுவல் கேஸ் ஃபைல் திட்டத்துக்கு 800 பக்கத்துக்கும் மேற்பட்ட தேவை ஆவணம் இருந்தது. என்ன வேண்டும் என்பதோடு நிற்காமல், திரையில் எது எப்படி இருக்க வேண்டும் என்பது வரை அது இறங்கிப் போனது என்ற விமர்சனம் எழுந்தது. 2003 இறுதியில் மென்பொருள் ஒப்படைக்கப்பட்டபோது எழுந்த 59 சிக்கல்களில் எவை வெண்டரின் தவறு, எவை எஃப்பிஐ பிற்பாடு மாற்றிக் கேட்டவை என்பதைத் தீர்க்க நடுவர் தேவைப்பட்டார்; 19 சிக்கல்கள் தேவை மாற்றங்கள் என்றும் 40 வெண்டரின் பிழைகள் என்றும் அவர் பிரித்தார். சுமார் 17 கோடி டாலர் செலவுக்குப் பின் 2005-இல் திட்டம் கைவிடப்பட்டது. 800 பக்கம் எழுதிய பிறகும், "இதைக் கேட்டோமா இல்லையா" என்ற கேள்விக்கு ஆவணத்தால் பதில் சொல்ல முடியவில்லை என்பதே இதில் நான் கவனிப்பது. கேட்டதற்கும் கேட்காததற்கும் எல்லை போடுவதே ஆவணத்தின் முதல் கடமை.

இன்னொரு வகைத் தோல்வியும் முழு ஆவணத்துக்கே உரியது. பெரிய அமைப்புகளில் மேல்நிலைத் தேவைகளிலிருந்து கீழ்நிலைத் தேவைகள் பிரிக்கப்படுகின்றன. அப்படி இறங்கும்போது எண்கள் தப்பித்துக்கொள்கின்றன, காரணங்கள் உதிர்ந்துவிடுகின்றன. 1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயின் தென்முனைப் பகுதியில் இறங்க வேண்டிய நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் தொடர்பற்றுப் போனது. பெரும்பாலும் இதுவே காரணம் என்று ஆய்வுக் குழு 2000-இல் சுட்டியது: இறங்கும் வழியில், தரைக்கு வெகு உயரத்தில், கலத்தின் கால்கள் விரிகின்றன. விரியும் அதிர்வில், தரையைத் தொட்டதை அறிவிக்கும் உணரிகள் ஒரு கணம் பொய்ச் சமிக்ஞை தருகின்றன. மென்பொருள் அதை நினைவில் வைத்திருந்து, சுமார் 40 மீட்டர் உயரத்தில் உணரிகளைப் பொருட்படுத்தத் தொடங்கியதும், கலம் இறங்கிவிட்டதாகக் கொண்டு எஞ்சினை நிறுத்திவிடுகிறது. அந்தப் பொய்ச் சமிக்ஞை வரும் என்பது பொறியாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வந்த பிறகே உணரித் தரவைப் பயன்படுத்த வேண்டும் என்று மேல்நிலைத் தேவையில் எழுதப்பட்டும் இருந்தது. எதற்காக அந்தக் கட்டுப்பாடு என்பது, அதாவது கால் விரியும்போது வரும் அந்தச் சமிக்ஞை, மென்பொருள் தேவையில் குறிப்பிடப்படவில்லை. நிரலை எழுதியவர்கள் உயரத்தைக் கவனித்தார்கள். பழைய சமிக்ஞையை அழிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்ற வழியில்லாமல் போயிற்று. ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஆவணம் எவ்வளவு நீண்டாலும் அந்த வரியை மட்டும் சுருக்கக் கூடாது.

பயனர் கதைகள்

பயனர் கதைகள் 1990-களின் இறுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறையோடு வந்தவை. ஒரு சிறு அட்டையில் ஒரு வரி. அதைச் சுற்றி உரையாடல். முடிந்ததா என்று பார்க்க ஏற்புச் சோதனை. அட்டை, உரையாடல், உறுதிப்பாடு என்ற மூன்றையும் சேர்த்ததே கதை என்று அந்த முறையின் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் 2001-இல் விளக்கினார். இன்று வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் ஜிரா போன்ற கருவியில் நாம் காணும் பெரும்பாலான கதைகளில் அட்டை மட்டுமே எஞ்சியிருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் இருக்கை கதையாகும்போது இப்படி வரும்: "பயணியாக, நான் தேர்ந்தெடுத்த இருக்கை பணம் கட்டி முடிக்கும் வரை எனக்கே இருக்க வேண்டும், அப்போதுதான் பதற்றமில்லாமல் பணம் கட்ட முடியும்." முந்தைய வாக்கியத்தைவிட இதில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. 10 நிமிடம் என்ற எண் போய், எதற்காக என்பது வந்திருக்கிறது. இந்தக் காரணத்தைப் படிக்கும் நிரலாளர், நேரம் முடிந்ததும் இருக்கையைப் பிடுங்குவது பயணிக்கு என்ன செய்யும் என்று யோசிக்கத் தொடங்குவார். அதே அட்டையின் பின்னால் எடுத்துக்காட்டுகளை எழுதினால் பன்னிரண்டாவது நிமிடம் தானாகவே வெளியே வருகிறது. 10:00 மணிக்கு இருக்கை பிடிக்கப்பட்டது, 10:12-க்கு உறுதிச் செய்தி வந்தது, இருக்கை இன்னும் காலி: டிக்கெட் தரப்படுகிறது. அதே நேரங்கள், ஆனால் இருக்கை 10:11-க்கு விற்றுவிட்டது: டிக்கெட் இல்லை, முழுப் பணமும் திரும்புகிறது, பயணிக்குக் குறுஞ்செய்தி போகிறது. பொதுவிதியாகக் கேட்டால் தலையாட்டிவிடும் முன்பதிவு மேலாளர், கடிகார நேரம் போட்ட எடுத்துக்காட்டைக் காட்டியதும் "அப்படியெல்லாம் செய்ய முடியாது" என்று குறுக்கிடுவார். அந்தக் குறுக்கீட்டுக்காகவே எடுத்துக்காட்டுகள் எழுத வேண்டும்.

ஆனால் கதைகள் உரையாடலை நம்பி நிற்பவை. முன்பதிவு மேலாளரும் நிரலாளரும் ஒரே கட்டிடத்தில், அல்லது தினமும் பேசக்கூடிய ஏற்பாட்டில் இருந்தால் இதைவிட நல்ல முறை இல்லை. நம் பேருந்து நிறுவனத்தின் நிலை அதுவன்று. மேலாளர் ஒருவர்; பண்டிகைக் காலத்தில் அவர் தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார். வெண்டர் தரப்பில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உரையாடலில் முடிவானது யாருடைய நினைவில் இருந்ததோ அவர் வேலை மாறிப் போனதும், அட்டையின் ஒரு வரி தனியே நிற்கிறது. நிலையான தொகைக்குப் பேசிய ஒப்பந்தத்தில் இது இன்னும் சிக்கல். ஒரு வரிக் கதைக்குள் எவ்வளவு வேலை அடங்கும் என்பதில் இரு தரப்புக்கும் இரு கணக்கு இருக்கும்.

எஃப்பிஐ கதையின் அடுத்த பகுதியை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட திட்டத்தின் இடத்தில் 2006-இல் சென்டினல் என்ற புதிய திட்டம் வந்தது. அதுவும் தாமதமாகி, 2010-இல் எஃப்பிஐ வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, சிறு குழுவோடு ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வாரச் சுற்றுகளாக நடத்தியது. 2012 ஜூலையில் அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. தடித்த ஆவணம் தோற்றது, கதைகள் வென்றன என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தக் குழு எடுத்துக்கொண்ட 670 கதைகள் வெறும் உரையாடலில் பிறந்தவை அல்ல. முன்பே எழுதப்பட்டிருந்த தேவை ஆவணத்தில் இருந்தவையே வேலை செய்ய ஏற்ற துண்டுகளாகப் பிரிக்கப்பட்டன. அதோடு, வேலையைச் செய்தவர்களும் பயன்படுத்தப்போகிறவர்களும் ஒரே அமைப்புக்குள் வந்துவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை, தூரம் குறைந்ததே அங்கே பெரிய மாற்றம். கதை வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தூரத்தை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு அதே பலன் கிடைக்கும் என்று சொல்ல இதில் ஆதாரம் இல்லை.

வாக்கியத்தை ஒழுங்குபடுத்துதல்

முழு ஆவணத்துக்கும் கதைக்கும் நடுவே, அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் ஜெட் எஞ்சின் கட்டுப்பாட்டுக்கான தேவைகளை ஆராய்ந்த அலிஸ்டர் மேவினும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் இயர்ஸ் என்ற வாக்கிய அமைப்பை முன்வைத்தார்கள். அதன்படி ஒவ்வொரு தேவையும் ஐந்து வார்ப்புகளில் ஒன்றில் அமைய வேண்டும்: எப்போதும் பொருந்துவது, ஒரு நிகழ்வு நேர்ந்ததும் நடப்பது, ஒரு நிலை நீடிக்கும் வரை நடப்பது, ஒரு கூடுதல் வசதி இருந்தால் மட்டும் பொருந்துவது, வேண்டாத ஒன்று நேர்ந்தால் செய்ய வேண்டியது. இந்தக் கடைசி வார்ப்புக்குத் தனி இடம் கொடுத்ததுதான் இதன் அருமை. எழுதி முடித்து எண்ணிப் பார்க்கும்போது, பணம் கட்டும் பகுதியில் இருபது நிகழ்வு வாக்கியங்களும் ஒரே ஒரு வேண்டாதது வாக்கியமும் இருந்தால், ஆவணம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் தேவை இப்படி மாறும்: "பயணி பணம் கட்டும் பக்கத்தைத் திறந்ததும், முன்பதிவு அமைப்பு அந்த இருக்கையை 10 நிமிடங்களுக்கு அவர் பெயரில் பிடித்து வைக்க வேண்டும். பிடித்து வைத்த நேரம் முடிந்த பின் கேட்வேயிலிருந்து பண உறுதிச் செய்தி வந்து, இருக்கை காலியாக இருந்தால், அமைப்பு அந்த இருக்கையை அதே பயணிக்கு உறுதி செய்ய வேண்டும். அதே செய்தி வந்து, இருக்கை விற்பனையாகியிருந்தால், அமைப்பு 15 நிமிடங்களுக்குள் முழுத் தொகையையும் திருப்பி அனுப்பக் கேட்வேக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும்." ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்பவர் யார் என்பது தெரிகிறது. "பிடித்து வைக்கப்பட வேண்டும்", "விடுவிக்கப்பட வேண்டும்" என்று செயப்பாட்டு வினையில் எழுதும் நம் வழக்கம், யார் செய்வது என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது. அமைப்பா, கேட்வேயா, முன்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியரா என்பது தெரியாமலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். இந்த ஒழுங்குக்குச் செலவு எதுவும் இல்லை. கருவி வாங்க வேண்டாம். தேவைகளைக் கேட்டு எழுதும் பிசினஸ் அனலிஸ்ட் இரண்டு மூன்று நாள் பழகினால் போதும். ஆனால் பல நிபந்தனைகள் சேர்ந்து வரும் இடங்களில், உதாரணமாகப் பயணத்துக்கு எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம், பேருந்து ரத்தானால் எவ்வளவு, இருக்கை வகைக்கேற்ப எவ்வளவு என்பது போன்ற விதிகளில், வாக்கியங்கள் நீண்டு குழம்பும். அங்கே ஒரே ஒரு அட்டவணை பத்து வாக்கியங்களின் வேலையைச் செய்யும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் 1978-இல் ஏ-7இ விமானத்தின் மென்பொருளுக்கு எழுதப்பட்ட தேவை ஆவணம் அட்டவணைகளைக் கொண்டே இதைச் செய்து காட்டியது. அட்டவணையில் நிரப்பாத கட்டம் கண்ணில் படும், வாக்கியத்தில் எழுதாத நிபந்தனை படாது.

கணித மாதிரி

மூன்றாவது வழி பலருக்கு அச்சம் தருவது. டிஎல்ஏ பிளஸ் போன்ற மொழியில் அமைப்பின் நிலைகளையும் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிகளையும் எழுதி, எந்த வரிசையில் நிகழ்வுகள் வந்தாலும் குறிப்பிட்ட விதிகள் மீறப்படாதவையா என்று கணினியைக் கொண்டு தேடச் சொல்வது இது. நம் இருக்கைக்கு இரண்டு விதிகள் போதும். ஒரு பயணத்தில் ஒரு இருக்கை இருவருக்கு உறுதியாகக் கூடாது. பணம் பெற்ற ஒவ்வொரு முன்பதிவும் கடைசியில் டிக்கெட்டிலோ பணத்தைத் திருப்புவதிலோ முடிந்தாக வேண்டும். உறுதிச் செய்தி தாமதமாகலாம், இருமுறை வரலாம், வராமலே போகலாம் என்று மாதிரியில் சொல்லிவிட்டால், மனிதர் யோசிக்காத வரிசைகளையும் கணினி முயன்று பார்க்கும். அமேசான் வெப் சர்வீசஸ் பொறியாளர்கள் 2011 முதல் இதைப் பயன்படுத்திய அனுபவத்தை 2015-இல் வெளியிட்டார்கள். டைனமோடிபி என்ற தங்கள் தரவுத்தளச் சேவையில் அவர்கள் கண்ட ஒரு பிழை வெளிப்பட 35 படிகள் குறிப்பிட்ட வரிசையில் நடக்க வேண்டியிருந்தது. எந்த டெஸ்டரும் எந்தக் கூட்டமும் அப்படி ஒரு வரிசையை எழுதியிருக்க முடியாது.

இதன் குறை, க்ளையன்ட் இதைப் படிக்க மாட்டார் என்பது. படிக்க முடியாததில் அவர் கையெழுத்திட முடியாது. ஆகவே ஒப்பந்தத்துக்கான ஆவணமாக இது ஒருபோதும் தனித்து நிற்காது. இதை எழுதத் தெரிந்தவர்களும் நம் சந்தையில் அரிது. திரைகளுக்கும் அறிக்கைகளுக்கும் இது வீண் வேலை. பணமும் ஒரே நேரத்தில் பலர் மோதுவதும் சேரும் இடத்தில் மட்டும் இதன் விலை நியாயமாகிறது.

மாதிரி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அது உலகத்தைப் பற்றி எடுத்துக்கொண்ட அனுமானத்தைச் சரிபார்க்காது. 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் ஈரமான ஓடுபாதையில் இறங்கிய ஏ320 விமானத்தில் இதுதான் நடந்தது. காற்றில் இருக்கும்போது வேகத்தடுப்பு முறைகள் தவறுதலாக இயங்கிவிடக் கூடாது என்பதற்காக, விமானம் தரையில் இருக்கிறது என்பதற்கு நிபந்தனைகள் வகுக்கப்பட்டிருந்தன: இரு பக்கச் சக்கரக் கால்களிலும் குறிப்பிட்ட எடை அழுந்த வேண்டும், அல்லது சக்கரங்கள் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுழல வேண்டும். அன்று விமானம் முதலில் வலது காலில் இறங்கியது. இடது கால் தரையைத் தொட ஒன்பது நொடிகள் ஆயின. நீர்ப்படலத்தின்மேல் சக்கரங்களும் போதிய வேகத்தில் சுழலவில்லை. மென்பொருள் எழுதியபடியே நடந்துகொண்டது. இரண்டு பேர் இறந்தார்கள். இவ்வகைக் குறையை எஸ்ஆர்எஸ்ஸும் பிடிக்காது, கதையும் பிடிக்காது, மாதிரியும் பிடிக்காது. களத்தைப் பார்ப்பது ஒன்றே வழி. பேருந்து நிறுவனத்துக்கு அது கடினமான காரியமும் அல்ல. எழுதுபவர் வெள்ளிக்கிழமை மாலை முன்பதிவு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், பெண் பயணியின் பக்கத்து இருக்கை விதியும், தொலைபேசியில் ஏஜெண்டுகள் சொல்லி வைக்கும் இருக்கைகளும், ஓட்டுநருக்காகக் காலியாக விடும் கடைசி வரிசையும் கண்முன் வரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

நம் பேருந்து நிறுவனத்துக்கு நான் சொல்லும் முடிவு இது. ஒப்பந்தத்தோடு இணையும் ஆவணம் எஸ்ஆர்எஸ்ஸாகவே இருக்கட்டும். ஆனால் வார்ப்புருவின் எல்லாத் தலைப்புகளையும் நிரப்பும் எஸ்ஆர்எஸ் வேண்டாம். திரை அமைப்பு அதில் வரக் கூடாது. அதற்கு மாதிரித் திரைகளைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தேவையும் இயர்ஸ் வார்ப்பில், செய்பவர் பெயரோடு, பக்கத்தில் காரணத்தோடு இருக்க வேண்டும். கட்டணம், ரத்து, பிடித்தம் மூன்றும் அட்டவணைகளாக இருக்க வேண்டும். பணம், இருக்கை ஒதுக்கீடு இரண்டுக்கும் கடிகார நேரம் போட்ட எடுத்துக்காட்டுகளை முன்பதிவு மேலாளரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். பிற்பாடு யுஏடி சோதனைகள் இவற்றிலிருந்தே வரும். பயனர் கதைகளை வெண்டர் தன் ஸ்பிரிண்ட்களைத் திட்டமிட வைத்துக்கொள்ளட்டும், ஒவ்வொரு கதையும் எஸ்ஆர்எஸ்ஸின் எந்த எண்ணுக்குரியது என்று குறித்துக்கொண்டால் போதும். இருக்கைப் பிடிப்புக்கும் பண உறுதிக்கும் இடையிலான பகுதிக்கு மட்டும், அறிந்தவர் கிடைத்தால், ஒரு சிறு டிஎல்ஏ பிளஸ் மாதிரி எழுதச் செய்வது அதன் செலவைப் பண்டிகை வாரத்திலேயே ஈட்டித்தரும்.

நிலை வேறானால் தேர்வும் வேறு. ஒரு நிறுவனம் தன் சொந்த ஆட்களைக் கொண்டு தனக்கே மென்பொருள் செய்துகொண்டால், கதைகளும் எடுத்துக்காட்டுகளும் போதும். எஸ்ஆர்எஸ் அங்கே யாரும் திறக்காத கோப்பாகிவிடும். என்ன வேண்டும் என்பதே இன்னும் தெளிவாகாத புதிய முயற்சிக்கும் அதுவே பொருந்தும். மருத்துவக் கருவி, ரயில் சமிக்ஞை போன்றவற்றில் கேள்வியே எழாது. முழு ஆவணமும், ஒவ்வொரு தேவையும் எந்த நிரலில், எந்தச் சோதனையில் நிறைவேறுகிறது என்று தடம் காட்டும் அட்டவணையும், கணிதச் சரிபார்ப்பும் சேர்ந்தே வேண்டும். பாரிஸ் மெட்ரோவின் 14-ஆவது தடத்தில் 1998 முதல் ஓடும் ஓட்டுநரில்லா ரயில்களின் பாதுகாப்பு மென்பொருள் பி முறை என்ற கணித வழியில் உருவாக்கப்பட்டது இப்படிப்பட்ட தேர்வுதான்.

ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தை இப்போதே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டுப்போனது பின்னால் தெரியவரும்போது அது தனிக் கட்டணம் கேட்கும் மாற்றக் கோரிக்கையா, அதாவது சேஞ்ச் ரிக்வெஸ்டா, வெண்டர் கேட்டுத் தெளிந்திருக்க வேண்டியதா என்ற சண்டை நிச்சயம் வரும். ஆவணத்தில் உள்ள ஒரு தேவையில், வேண்டாத ஒன்று நேர்ந்தால் என்ன செய்வது என்ற கிளை விட்டுப்போயிருந்தால், அதை எழுதுவதும் செய்வதும் தொகைக்குள் அடங்கும் என்றும், ஆவணத்தில் தலைப்பே இல்லாத புதிய செயல்பாடு சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்றும் பிரித்து வைத்தால், வெண்டரின் அனலிஸ்டுக்கு முதல் மாதத்திலேயே அந்தக் கிளைகளைத் தேடிக் கேட்க ஒரு காரணம் கிடைக்கும். எஸ்ஆர்எஸ் தவணையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, பண உறுதிப் பகுதியின் எடுத்துக்காட்டுகள் சோதனையில் தேறிய பிறகு கொடுப்பதாகவும் சேர்த்துக்கொள்ளலாம்.